புதிய தீவு யாருக்குரியது?

1831ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, சிசிலித் தீவுக்கும் பந்தலேரியாத் தீவுக்கும் நடுவே கடல் கொதித்தெழுந்தது. ஆழத்தினின்று வந்த தீக்குழம்பு நீரோடு பொருந்தியவுடன் நீர் ஆவியாய்ப் பொங்க, குழம்பு சிதறிச் சாம்பலும் பரலுமாய்க் குவிந்து, சில வாரங்களுள் ஏறக்குறைய 60 மீற்றர் உயர்ந்த தீவாயிற்று.

சூடு ஆறுமுன்னரே உரிமை பேச வந்தார் பலர். பிரித்தானியர் ஓகஸ்டு மாதத்திற் கொடி நாட்டிக் கிரகாம் என்றனர். நேப்பிள்ஸிலிருந்து ஆண்ட இரண்டாம் பெர்டினாந்து மன்னன் பெயரால் அது பெர்டினாந்தேயா எனவும்பட்டது. யூலையிற் பிறந்தமைபற்றிப் பிராஞ்சியர் யூலியா என்றனர். பெயர்கள் பெருகத் தீவோ சிறுகிற்று. கட்டற்ற சாம்பலேயாதலின், 1832ஆம் ஆண்டு பிறக்குந் தறுவாயில் அலைகள் அதனை அரித்து நீருள் அடக்கிவிட்டன.

மறைவதற்காகப் பிணங்கிய மூடர் என்று நகைத்து இப்பாடத்தை முடித்துவிடுதல் ஆசிரியர்க்கு எளிது. எனக்கு அது போதாது. தீவு நிலைத்திருப்பின் அவர் வழக்கு நியாயமாகிவிடுமா? நிலையாமையொன்றையே காட்டிப் பற்றைக் கண்டிப்போமாயின், நிலையுள்ளதைப் பற்றுதல் தகுமென ஒப்புக்கொண்டவராவோம். உழாதும் காவாதும், முதலிற் கண்டமையொன்றே கொண்டு ஒருவன் ஒரு பொருளை எனது என்னலாமோ என்பதே ஆராயத்தக்கது.

நிலைத்த தீவுமுண்டு. ஐஸ்லாந்தின் தென்கடலில் 1963 நவம்பரில் எழுந்த சுர்த்சே, 1967 யூன் வரை கனன்றது. 1964 முதல் வழிந்த குழம்பு சாம்பலின்மேற் கல்லாய் உறைந்து கவசம்போலாயிற்று. உள்ளிருந்த சாம்பலும் வெப்பத்தால் இறுகிப் பாறையாயிற்று. ஆதலின், பரப்பிற் பாதியளவை அலைகள் கொண்டுபோயும் அஃது இன்றும் நிற்கின்றது. ஐஸ்லாந்தார் 1965இலேயே, ஆராய்ச்சியாளர் சிலரன்றிப் பிறர் அங்கே காலிடாவண்ணம் விலக்கினர். கடலும் காற்றும் பறவையும் கொணரும் வித்துக்களே முளைத்தல் வேண்டுமென்பது அவர் கருத்து. ஒருகால் தக்காளிச்செடியொன்று தோன்றிற்று. ஆராய்ச்சிக்கு வந்த ஒருவரின் மலத்தின்வழி வந்ததென அறிந்து அதனைக் களைந்தனர். செடி செய்த பிழை யாதென வினவும் மாணவனை நான் கடியேன்.

உரிமை கொண்டன்றோ அவரும் விலக்கினர் எனின், மெய்யே. ஆயினும் தம்மையும் உட்படுத்தியே விலக்கினர். கொடி நாட்டியவர் அது செய்திலர்.

பெர்டினாந்தேயா இன்றும் நீர்மட்டத்திற்குச் சில மீற்றர் கீழே கிடக்கின்றது. மீண்டும் எழக்கூடுமென்னும் பேச்செழ, 2000ஆம் ஆண்டளவிற் சிசிலியர் சிலர் கடலுள் மூழ்கி, அதன் உச்சியில் உரிமை பொறித்த சலவைக்கல்லொன்றை வைத்தனர். பின்னர் அக்கல் உடைந்து கிடக்கக் கண்டனர்.