இசை மன்றத்தின் வாயில்

ஒரு கலைஞனின் தகுதியை அளந்து கூறும் உரிமை யாருக்கு உண்டு? முன்னோர்க்கே என்பது நம்மில் பலர் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட விடை. அவ்விடையை ஆராய ஒரு பழைய குறும்படம் நமக்குத் துணை செய்கிறது. 1943-இல் அமெரிக்காவின் மெட்ரோ கோல்டுவின் மேயர் நிறுவனம் வெளியிட்ட ‘ஹெவன்லி மியூசிக்’ என்பது அதன் பெயர். ஜோசப் பெர்ன் இயக்கிய இவ்விரு சுருள் படம், அவ்வகைக் குறும்படத்துக்குரிய ஆஸ்கார் விருதை 1944-இல் பெற்றது.

கதை எளியது. அக்காலத்து இசைக்குழுத் தலைவன் ஒருவன் இறந்து விண்ணகம் சேர்கிறான். அங்கே மேதைகளுக்கென ஓர் இசை மன்றம். அதனுட்புக வேண்டுமாயின், பீத்தோவன், வாக்னர் போன்றார் அமர்ந்த அவையில் அவன் தன் தகுதியை நிறுவ வேண்டும். சங்கப் பலகையின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

அவையில் அமர்ந்தோர் யாவர் என நோக்குவோம். வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ இசை நாடகம் 1861-இல் பாரிஸில் அரங்கேறியது. இரண்டாம் அங்கத்தில் நடனம் வைப்பது அங்கு மரபு. இரவுணவு முடித்துத் தாமதமாக வரும் செல்வர்க்கு அதுவே வசதி. வாக்னரோ நடனத்தை முதல் அங்கத்திலேயே வைத்துவிட்டார். சினந்தவர்கள் சீழ்க்கையடித்துக் கலைத்தனர்; மூன்று காட்சிகளோடு நாடகம் நின்றது. பீத்தோவனின் ‘குரோசே ஃபூகே’ 1826-இல் கேட்டோர்க்கு விளங்கவில்லை. பதிப்பாளர் வேண்டியதற்கிணங்க, அதனை நீக்கி வேறோர் இறுதிப் பகுதியை அவர் எழுதிக் கொடுத்தார்.

இகழ்ச்சியை நுகர்ந்தவர் இரக்கமுள்ள நடுவராவார் என எதிர்பார்க்கிறோம். மாமியாரிடம் அல்லலுற்ற மருமகள் தானே மாமியாரானபின் நடப்பதை அறிந்தோர் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டார். இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. உயிரோடிருப்பவன் இன்று வெறுத்த இசையை நாளை விரும்பக்கூடும். மாண்டவரின் செவியோ மாறாது. தான் மாற இடமில்லாத ஒருவர் அளிக்கும் தீர்ப்பு, எத்துணைப் பெரியார் அளிப்பினும், நேரியதாகுமா? ஆகாது என்பதே எம் துணிபு. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களிலும், பிள்ளைகள் அயல்மொழிப் பாடல் ஒன்றை முணுமுணுக்குங்கால், நாம் முன்னோர் பெயரால் அவ்விண்ணக அவையாகவே மாறிவிடுகிறோம்.

படம் வெளிவந்த அதே 1943-இல், சனவரி 23 அன்று, மண்ணுலகிலும் அத்தகைய ஒரு தேர்வு நிகழ்ந்தது. அக்கால அமெரிக்க நடன இசை, கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸிலிருந்து பிறந்தது. அம்மக்களுள் ஒருவரான டியூக் எலிங்டன், தம் இனத்தாரின் வரலாற்றைப் பொருளாகக் கொண்ட ‘பிளாக், பிரவுன் அண்ட் பேஜ்’ என்னும் நெடிய படைப்பை நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் வழங்கினார். ஐரோப்பியச் செவ்விசையின் அளவுகோலைக் கைக்கொண்ட திறனாய்வாளர் சிலர், வடிவம் அமையவில்லை என்றனர். அதன்பின் எலிங்டன் பெரும்பாலும் அப்படைப்பின் பகுதிகளை மட்டுமே இசைத்து வந்தார்.