பேறுகாலத் துன்பம்: வினைப்பயனா, பிறர் பிழையா?

பேறுகாலத்தில் ஒரு பெண் இறந்தாலும், உயிர் தப்பி உடலும் மனமும் நொந்து வீடு திரும்பினாலும், ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. 'அவள் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்' என்பது ஒன்று. 'நேரத்தோடு கவனித்திருந்தால் பிழைத்திருப்பாள்' என்பது மற்றொன்று. சாவு வீட்டில் இரண்டையும் ஒரே வாய் அடுத்தடுத்துச் சொல்வதுண்டு. முதல் விடை முன்வினையைக் காட்டுகிறது. இரண்டாவது, கவனிக்க வேண்டியிருந்த ஒருவரைக் காட்டுகிறது. முதல் விடையைச் சொல்லி இரண்டாவதை அடக்கிவிடச் சமயங்கள் உண்மையிலேயே இடம் கொடுக்கின்றனவா என்பது ஆராய வேண்டிய கேள்வி.

இந்தத் துயரம் எவ்வளவு பழையது என்பதற்குத் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் சாட்சி. இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கிவைத்து, பிறகு மீண்டும் தூக்கிக்கொள்ளத் தோதான உயரம் அது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதை நிறுத்துவது வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் அவள் கொண்டுபோன சுமை, வழிப்போக்கர்கள் இங்கே சுமையிறக்கும்போதெல்லாம் சற்றுக் குறையும் என்பது நம்பிக்கை. நெஞ்சை உருக்கும் அறம் இது. ஆனால் இறந்தவளுக்காகச் செய்யப்படும் அறம். அவள் உயிரோடு வலியில் கிடந்தபோது செய்யப்பட வேண்டியது என்ன என்பதை அந்தக் கல்லிடம் கேட்டுப் பயனில்லை.

பேறுகால மரணங்களின் முதன்மைக் காரணங்கள் இன்று நன்றாகத் தெரிந்தவை. பிரசவத்துக்குப் பின் நிற்காத உதிரப்போக்கு, ரத்தக் கொதிப்பு முற்றி வரும் ஜன்னி, கிருமித் தொற்று ஆகியவை அவற்றில் முன்னிற்பவை. உதிரப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் ஊசியும், ஜன்னிக்கு மெக்னீசியம் சல்பேட்டும், தொற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் உள்ளன. மூன்றுமே விலை மிகுந்தவை அல்ல. மாதந்தோறும் ரத்த அழுத்தம் பார்ப்பதும், கை கால் வீக்கத்தையும் விடாத தலைவலியையும் 'மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளாமல் விசாரிப்பதும் பல உயிர்களைக் காக்கும். 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. முன்வினை மாநில எல்லை பார்த்துப் பங்கிடப்படுவதில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் பூமியில்தான் இருக்க வேண்டும்.

காரணம் தெரியாத இடத்தில் தெய்வத்தின் பெயரைச் சொல்வது அடக்கம். தெரிந்துகொள்ள மறுத்துக்கொண்டே அதைச் சொல்வது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரசவக் காய்ச்சல் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த முதல் பிரிவில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருத்தி இறந்தாள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் சாவு அதில் பாதிக்கும் குறைவு. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மன்றாடினார்கள். அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார். இறக்கும் நிலையில் இருப்பவருக்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியொலியோடு முதல் பிரிவின் வழியே போவது வழக்கம். அந்த அச்சமே பெண்களைக் கொல்கிறதோ என்று எண்ணி, அவரை மணியில்லாமல் வேறு வழியாக வரச் செய்தும் பார்த்தார். சாவு குறையவில்லை. 1847இல், பிணப் பரிசோதனையின்போது கத்திக் காயம்பட்டு இறந்த நண்பரின் உடலில் அதே நோயின் அடையாளங்களைக் கண்டதும் விடை கிடைத்தது. பிணவறையிலிருந்து நேரே வந்த மருத்துவர்களின் கைகளே நோயைக் கொண்டுவந்தன. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவச் செய்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு சில மாதங்களில் இரண்டளவுக்கு இறங்கியது.

அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற மகப்பேறு பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ் வேறு நிலை எடுத்தார். இந்தக் காய்ச்சல் மருத்துவர் வழியாகப் பரவுகிறது என்று ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843இலேயே எழுதியிருந்தார். மெய்க்ஸ் அதை ஏற்கவில்லை. தற்செயல் என்றோ தெய்வச் செயல் என்றோ கொள்வதே தமக்கு உவப்பு என்று 1854இல் எழுதினார். மருத்துவரின் கையில் இருந்த குற்றம் தெய்வத்தின் தலையில் ஏற்றப்பட்டது. இறைவனைப் பழிக்கு ஆளாக்கும் இந்தப் பேச்சைப் பக்தி என்று சொல்ல முடியாது.

வினைக்கோட்பாட்டின் நிலை என்ன? சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் நுகரப்படுவது பிராரத்தம், இப்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். பெண் படும் துன்பம் அவளுடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அழைத்தும் வராத மருத்துவரும் வண்டி ஏற்பாடு செய்ய மறந்த கணவனும் செய்தது அவரவர் ஆகாமியம். அந்தக் கணக்கு அவர்கள் பெயரில்தான் ஏறும். பிறர் வினையைச் சொல்லித் தன் கடமையிலிருந்து விலகிக்கொள்ள இக்கோட்பாட்டில் வழியே இல்லை. பௌத்தம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் துறவி, மனிதர் நுகரும் எல்லாமே முன்வினைப் பயனா என்று புத்தரிடம் கேட்கிறார். பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல் என்று பல காரணங்களை எண்ணிச் சொல்லும் புத்தர், வினையை அவற்றில் ஒன்றாக மட்டுமே வைக்கிறார்.

இஸ்லாமிய மரபிலும் இதற்கு இணையான தெளிவு உண்டு. பேறுகாலத்தில் இறக்கும் பெண் ஷஹீதுகளின், அதாவது உயிர்த்தியாகிகளின், வரிசையில் வைக்கப்படுகிறாள் என்று நபிமொழி கூறுகிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவன் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாவான் என்பதும் நபிமொழிதான். அவளுக்கு மறுமையில் கிடைக்கும் உயர்வு, இம்மையில் தவறு செய்தவரை விடுவித்துவிடுவதில்லை.

தமிழ் மரபில் இந்தக் கேள்விக்கு மிக நேரான விடை திருச்சி மலைக்கோட்டையில் இருக்கிறது. வணிகர் குலத்து ரத்னாவதிக்குத் தலைப்பிரசவம். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்ட தாய், ஆற்றில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி கண்டுவிட்டது. அவள் மலைக்கோட்டை இறைவன் செவ்வந்திநாதரை நினைத்து அழுதபோது, இறைவன் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்வரை அவரே உடனிருந்து மகளையும் பிள்ளையையும் பேணினார். சித்திரைத் திருவிழாவில் இந்நிகழ்ச்சி 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற பெயரில் நடத்தப்படுகிறது; சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்வது இன்றும் உண்டு.

இந்தக் கதையில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, இறைவன் செய்யாமல் விட்டவை. வெள்ளத்தை நிறுத்தவில்லை. வலியை மாயமாக்கவில்லை. பொறுத்துக்கொள், உன் வினை என்று அசரீரியாகச் சொல்லவும் இல்லை. வர முடியாமல் போனவளின் வேலையை, அவள் செய்வதுபோலவே கைநோகச் செய்தார். பேறுகால மரணங்களை ஆராய்வோர் மூன்று தாமதங்களைக் குறிப்பிடுவார்கள்: மருத்துவ உதவி தேட முடிவெடுப்பதில், அங்கே போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில். ரத்னாவதிக்கு நேர்ந்தது இரண்டாவது. வெள்ளத்தால் நேர்ந்த அந்தத் தாமதத்தையே இறைவன் பொறுக்கவில்லை என்றால், ஆளும் மருந்தும் இருந்தும் நேரும் மூன்றாவதை அவர் பெயரால் பொறுக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் ஆகிய நால்வகையையும் மருத்துவத்தின் உறுப்பாக வைத்து முடிகிறது. உடனிருப்பவருக்கு அங்கே மருத்துவரோடும் மருந்தோடும் ஒரே வரிசையில் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பல லேபர் ரூம்களில் இந்த நான்காவது ஆள் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். உள்ளே, கத்துகிற பெண்ணைத் தொடையில் அடிப்பதும், பிள்ளை பெற வந்தவளின் தாம்பத்தியத்தைச் சொல்லி ஏசுவதும், திரையில்லாமல் பலர் முன் பரிசோதிப்பதும், சொல்லாமல் கத்தி வைப்பதும் நடந்தன, இன்னும் நடக்கின்றன. மருத்துவமனைப் பிரசவங்களில் நேரும் அவமதிப்பும் கொடுமையும் பெண்ணின் உரிமையை மீறுபவை என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2000களில், பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு வந்தது. கையைப் பிடித்துக்கொள்ளத் தாயோ அக்காளோ அருகில் இருக்கும் இடத்தில் ஏசும் வாய் அடங்குகிறது என்பது மட்டுமல்ல, உதிரம் அளவுக்கு மீறிப் போவதை முதலில் பார்த்துக் குரல் கொடுப்பவராகவும் அவர் இருக்கக்கூடும்.

எஞ்சுவது பொறுமை பற்றிய கேள்வி. 'பிள்ளை நல்லபடியாகக் கிடைத்ததே, அதைப் பார்' என்ற சொல்லுக்குப் பெண்கள் வாயடைத்துப் போகிறார்கள். குழந்தைக்காக நன்றி சொல்வதும் பட்ட அவமதிப்புக்கு விடை கேட்பதும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. தவிர்க்க முடியாததைத் தாங்குவதையே சமயங்கள் பொறுமை என்று போற்றின. தவிர்க்கக்கூடியதைத் தாங்கச் சொல்வது, அடுத்த படுக்கையில் படுக்கப்போகிறவளையும் அதே கைக்கு ஒப்படைப்பது. ஆகவே செக்கப்பின்போது சொன்னதைக் காதில் வாங்காத இடத்தை விட்டு வேறு மருத்துவமனைக்கு மாறுவது, எந்த ஊசி எதற்கு என்று கேட்பது, கேஸ் ஷீட்டின் நகலை வாங்குவது, எழுத்தில் புகார் கொடுப்பது எல்லாம் அடக்கமின்மை ஆகா. பேறுகாலக் கவனிப்பு உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஒரே இரவில் பத்துப் பிரசவம் பார்க்க விடப்பட்ட செவிலியர் மீது மட்டும் பழி சுமத்துவதும் நீதியாகாது. இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியவர்களுக்கும் அந்த ஆகாமியத்தில் பங்குண்டு.

தமிழ்நாட்டில் 1990களில் தொடங்கிய பேறுகால மரணத் தணிக்கை இந்தப் பொறுப்பை நடைமுறையில் ஏற்றுக்கொண்ட முயற்சி. இறந்த பெண்ணின் வீட்டுக்கே சென்று, வலி எப்போது கண்டது, எந்த மருத்துவமனைக்கு முதலில் போனார்கள், அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள், வண்டி எப்போது வந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். 2010இல் நாடு முழுவதற்கும் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, மாவட்ட ஆட்சியர் முன் நடக்கும் ஆய்வுக்குக் குடும்பத்தாரையும் அழைக்க வேண்டும். இந்த விசாரணை இறந்தவர்களுக்கு மட்டுமே உண்டு. கிழிந்த தையலோடும் ஆறாத அவமானத்தோடும் உயிரோடு வீடு திரும்பியவளிடம் இதே கேள்விகளைக் கேட்க யாரும் வருவதில்லை.