கடிதம் எப்போது சான்றாகும்?

மூலக்கூறு உயிரியலாளர் ஒருவர் சக ஆய்வாளருக்கு எழுதும் கடிதம், இந்தியத் தருக்க மரபில் உரையளவையைச் சேர்ந்தது, நம்பத்தக்கவரின் சொல். அதை எவ்வளவு தூரம் சான்றாகக் கொள்வது என்பதில் சமயங்கள் ஒத்துப்போகவில்லை. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை மூன்றையும் ஏற்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் கூறும் பௌத்த அளவைகள் இரண்டே. உரை கருதலுக்குள் அடங்கும். காங்கேயத்தை அடுத்த கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் விற்பவர் பேச்சைக் கேட்டபின்னும் காளையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள் பௌத்தரின் பக்கம்தான்.

1955இல் பிரான்சிஸ் கிரிக், புரதம் உருவாக இடைப்பட்ட 'தகவி' மூலக்கூறு ஒன்று வேண்டும் என்று எழுதி நண்பர் குழுவுக்குச் சுற்றுக்கு விட்டார். அது அச்சேறவே இல்லை. 1958இல் ஹோக்லண்டு, சாமெக்னிக் குழுவினரின் ஆய்வு வெளிவந்த பிறகே அந்த ஊகத்துக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

சென்னையின் அனுபவம் இதைவிட ஆழமானது. காளையின் தசைநாணுக்கு உறுதி தரும் கொலாஜன் மூவிழைச் சுருள் என்று சென்னையிலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். சில அணுக்கள் அளவுமீறி நெருங்குகின்றன, மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பே பொருந்தும், இரண்டல்ல என்று கேம்பிரிட்ஜிலிருந்து ரிச்சும் கிரிக்கும் அதே இதழில் மறுத்தனர். எழுதியவர் பெயரே எடையாகக்கூடிய மறுப்பு அது. சென்னை அதற்குப் பணியவும் இல்லை, வெறுமனே வாதாடவும் இல்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அளக்கப் புறப்பட்டது. அறிந்த படிகங்களிலிருந்து தூரங்களைத் திரட்டி, ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் 1963இல் வெளியிட்ட வரைபடத்தைக் கொண்டே இன்றும் புரத அமைப்புகள் சரிபார்க்கப்படுகின்றன. ஒரு மறுப்புக்கு இதைவிட மதிப்பான பதில் அரிது. மூவிழைச் சுருள் நிலைத்தது. இரண்டாவது நேரடிப் பிணைப்பு நிலைக்கவில்லை. இரு தரப்பும் ஒருவகையில் சரி.

இந்த 'ஒருவகையில்' என்பது சமணரின் சியாத்வாதம். பிற்காலத்தில் ராமச்சந்திரன் அதையே கணித வடிவில் 'சியாத் நியாயம்' என வகுத்தார். மெய், பொய் இரண்டோடு ஐயம், முரண் என்பனவும் அதில் தனி மதிப்புகள். 1955இன் மறுப்புக்கு, அது வந்த நாளில், இந்த நான்கில் பொருந்தக்கூடியது ஐயம் ஒன்றே.