போரைக் கண்டு வந்தவர் வீட்டில்



நவம்பர் மாதம் பிறந்தால் இந்நாட்டு மக்கள் சிவப்புப் பொப்பி மலரைச் சட்டையில் குத்திக்கொள்வதைக் காண்கிறோம். முதலாம் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவாகத் தொடங்கிய வழக்கம் அது. அப்போரின் அகழிகளில் நின்ற பிரித்தானிய வீரர்களுள் கடைசியாக வாழ்ந்திருந்தவர் ஹரி பட்ச் என்ற முதியவர். அவருடைய வாழ்வை இம்மாதம் சற்றே சிந்திப்போம்.

1898இல் பாத் நகருக்கு அருகே பிறந்தவர். நீர்க்குழாய் வேலை பயின்றவர். கட்டாய ஆட்சேர்ப்பினால் படைக்குப் போனார். 1917 செப்டெம்பர் 22ஆம் நாள் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் குண்டு வெடித்தது. அவருடைய இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தவர் ஐவர். அவர்களுள் மூவர் மாண்டனர். இவர் காயத்தோடு தப்பினார்.

ஊர் திரும்பி 1919இல் ஏடா என்ற பெண்ணை மணந்து பழைய தொழிலுக்கே போனார். இரண்டு ஆண் பிள்ளைகள். 1976இல் மனைவி இறக்கும்வரை ஏறத்தாழ 57 ஆண்டுகள் இல்லறம் நடத்தினார். ஆனால் போரைப் பற்றி அவளிடமும் பேசியதில்லை. நூறு வயது நிறைந்த 1998இல்தான் வாய் திறந்தார். ஊரார்க்கு நவம்பர் 11 நினைவு நாள். அவருக்கோ செப்டெம்பர் 22.

எங்கள் சைவமும் இத்துயரை அறியாததன்று. திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரிலே மாண்டார். அம்மையார் உயிர்விடத் துணிந்தார். தம்பி அழுது வேண்டவே அவனுக்காக உயிர் தரித்தார். அத்தம்பியே பின்னர் திருநாவுக்கரசராகத் தேவாரம் பாடினார். போனவர்களை மறந்தல்ல, இருப்பவர்களுக்காகவே அம்மையார் வாழ்ந்தார். பிழைத்து வந்த ஒருவர் விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பதும் ஒரு தவமே.

அடியார்களே, எங்கள் வீடுகளிலும் பேசாத பெரியவர்கள் இருக்கிறார்கள். இரவில் திடுக்கிட்டு எழுகிறார்கள். பட்டாசு ஒலிக்கு நடுங்குகிறார்கள். "அப்பாவுக்கு எப்போதும் கோபம்" என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். கோபத்தின் கீழே யாருடைய பெயர் கிடக்கிறதோ, யார் கண்டார்? துருவிக் கேட்க வேண்டாம். தேநீர் கொடுத்துப் பக்கத்தில் இருப்போம். அவர்கள் பேசும் நாளில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்போம்.

காணாமற் போனவர்களின் திதி தெரியாதே என்று எங்களுள் பலர் கலங்குகிறோம். தந்தையர்க்கு ஆடி அமாவாசையும் தாயர்க்குச் சித்திரா பௌர்ணமியும் உண்டு. மற்றவர்க்கு நாம் கடைசியாகக் கண்ட நாளே போதும். அன்று விளக்கேற்றிப் பெயரைச் சொல்லுவோம். அருகில் நிற்கும் பிள்ளைக்கு அவர் யார் என்பதையும் சொல்லுவோம்.

ஹரி பட்ச் 2004இல், எதிர்ப்படையில் நின்ற 107 வயது முதியவரைத் தேடிச் சென்று கை குலுக்கினார். 2009 ஜூலை 25ஆம் நாள், தமது 111ஆவது வயதில் மறைந்தார். இறுதிச் சடங்கில் ஆயுதம் எதுவும் வேண்டாம் என்பது அவர் விருப்பம். வெல்ஸ் பேராலயத்தில் ஜெர்மன் நாட்டுச் சிப்பாய்களும் வெறுங்கையோடு அவர் பேழையுடன் நடந்தார்கள்.

அத்தகைய மன அமைதி எங்கள் பெரியவர்களுக்கும் வாய்க்கவேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு அவர்களையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். இறைவன் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.