தாங்கும் அளவும் தகும் அளவும்

சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் நம் இல்லத்தில் ஒரு மீன் இறந்தது. தில்லிக் குளிரில் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன. விரல் நீள மீனுக்காக விழா மலரில் இடம் கேட்பதா என அன்பர்கள் எண்ணலாம். பொறுத்தருள்க.

மகள் தன் பிறந்தநாளுக்குக் கேட்ட ஃபைட்டர் மீன் அது. ஆணும் ஆணும் கூடினால் கடித்துக் குதறும் என்பதால், கடையில் ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் குவளையில் தனித்து நின்றது. “எதில் விடுவது?” என்று கேட்டோம். கடைக்காரர் உருண்டையான கண்ணாடிக் குடுவை ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு லிட்டர் கொள்ளும். “இதுவே அதிகம், எதையும் தாங்கும் மீன்” என்றார். விலையும் குறைவு, மேசை மூலையிலும் அடங்கும். நமக்கு மகிழ்ச்சியே.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தாய்லாந்துப் பகுதியின் சதுப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் உரிய இனம் அது. நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றையே விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு அதன் தலையில் உண்டு. நம் வயல்களின் பனையேறிக் கெண்டையும் இவ்வரம் பெற்ற உறவினமே. பிற மீன்கள் செத்து மிதக்கும் நீரில் இது உயிரோடு இருக்கும். அதனாலேயே இதற்குச் சிறு குடுவை போதும் என்று நாம் தீர்மானித்துவிட்டோம். கோடையில் வயல் வற்றும்போது பிழைத்திருக்க இயற்கை தந்த திறனை, ஆண்டு முழுவதும் வற்றிய வயலிலேயே அதனை வைத்திருக்க நமக்குக் கிடைத்த அனுமதியாகக் கொண்டுவிட்டோம். ஓர் உயிர் தாங்கும் என்பதும் அதற்குத் தகும் என்பதும் ஒன்றுதானா?

தாங்கும் அளவைக் காண்பது எளிது. குறைத்துக்கொண்டே போய், சாகாத இடத்தில் நிறுத்தினால் போதும். தகும் அளவைக் காண்பதற்கோ அவ்வுயிரைச் சற்று நேரம் உற்று நோக்க வேண்டும். நாம் நோக்கவில்லை. வழக்கம்போல், இறந்த பின்னரே படித்தோம்.

பிராணவாயு நீருக்குள் புகும் வாயில் அதன் மேற்பரப்பே. குடுவையைக் கழுத்துவரை நிரப்பினால் அப்பரப்பு உள்ளங்கை அளவாகச் சுருங்கிவிடுகிறது. ஆதலின் உயர்ந்த கலத்தினும் அகன்ற கலமே மேலானது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா சிறிய நீரில் விரைந்து நஞ்சாகச் செறிகிறது. அம்மீனுக்கு 25 பாகையை ஒட்டிய வெப்பம் வேண்டும். இரண்டு லிட்டர் நீரோ விடிவதற்குள் அறையோடு சேர்ந்து குளிர்ந்து விடுகிறது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உடைய தொட்டி ஐம்பது லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் ஹீட்டரும் பொருத்தலாம். மின்சாரம் நின்றாலும் சூடு மெல்லத்தான் இறங்கும். இத்தாலியில் மோன்ஸா நகர மன்றம், வளைந்த குடுவை மீனுக்கு உலகை உருக்குலைத்துக் காட்டுகிறது என்று கூறி, 2004இல் அத்தகைய குடுவையில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. முன்பு இதைக் கேட்டுச் சிரித்திருப்போம்.

எதற்கும் விதியைப் புரட்டிப் பார்ப்பது நம் தொழில் தந்த பழக்கம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதர் அல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே கொள்கிறது. நியாயமான அளவு அசைய இயலாதபடி, நீளமோ அகலமோ உயரமோ போதாத கூண்டிலோ கலத்திலோ அடைப்பதைக் கொடுமை என்று அதன் 11ஆம் பிரிவு வகுக்கிறது. செத்ததா பிழைத்ததா என்று அவ்வாசகம் கேட்கவில்லை. அசைய முடிந்ததா என்றே கேட்கிறது.

“வயலில் இருந்தால் கொக்கு கொத்தியிருக்கும், குடுவையில் அந்த ஆபத்து இல்லையே?” என்றார் அலுவலக நண்பர். உண்மைதான். ஆனால் கொக்குக்கு நாம் பொறுப்பல்லர். குடுவைக்கு நாமே பொறுப்பு. அடைக்கலம் கொடுத்தவன் என்பதற்காக இடத்தைச் சுருக்கும் உரிமை வந்துவிடாது. மீன் வளர்ப்பதே தகாது என்போரும் உளர். அவ்வழக்கில் நாம் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை.

இவ்வளவும் எண்ணியபோது வேறொன்றும் நினைவில் உறுத்தியது. நாம் வாழ்வது அரசுக் குடியிருப்பில், இரண்டே அறைகளில். நம்மை எக்கலத்தில் விடுவது என்பதை ஊதிய நிலை தீர்மானிக்கிறது. அதில் குறை சொல்வதற்கில்லை. தந்தையார் மறைந்த பின் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து தாயாரை அழைத்து வந்தோம். முற்றமும் கொல்லையும் உடைய வீட்டில் ஐம்பதாண்டு வாழ்ந்தவர். “எனக்கென்னப்பா, ஒரு மூலை போதும்” என்றார். அவ்வாறே கூடத்து மூலையில், அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் கட்டிலைப் போட்டோம். ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஒரு நாளும் அவர் குறை கூறியதில்லை. வருவோரிடம் எல்லாம் அதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறோம்.

மகள் மீண்டும் கேட்டாள். இம்முறை இரண்டடித் தொட்டி வாங்கினோம். மணலும் நீரும் சேர்ந்த பாரத்தைத் தாங்கும் உறுதியும், நேர்வெயில் படாத நிழலும் வேண்டும் என்று வீடெங்கும் அளந்தோம். கூடத்து மூலை ஒன்றுதான் பொருந்தியது.

“கட்டிலை எங்கே போடலாம், அம்மா?” என்று கேட்டோம்.

அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “அந்த ஜன்னலோரம் போடு. படுத்தபடியே வேப்பமரம் தெரியும்” என்றார்.