தாத்தா பிறந்ததற்கு அத்தாட்சி

இலங்கையில் நெடுங்காலம் புழங்கிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், பிள்ளையின் பெயரும் தாய் தகப்பன் விவரமும் முடிந்த பிறகு பாட்டனாருக்கென்று ஒரு கூடு இருக்கும். அவர் இலங்கையில் பிறந்தவராயின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்குக் கீழே இன்னொரு கூடு: தகப்பன் இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரின் விவரம். பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். அந்தக் கூடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தர்ப்பணம்தான் ஞாபகம் வரும். ஐயர் கேட்பதும் இதே மூன்று தலைமுறையைத்தான். தகப்பன் வசு ரூபம், பாட்டன் ருத்திர ரூபம், பூட்டன் ஆதித்திய ரூபம். ஆனால் அவர்கள் எந்த ஊரில் பிறந்தார்கள் என்று எந்த ஐயரும் கேட்டு நான் அறியேன்.

எங்கள் அப்பாவிடம் அரசாங்கம் கேட்டது.

அப்பா 1921இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அதற்குப் பத்திரம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்துக்கு அது போதவில்லை. இங்கே பிறந்தவன் வம்சாவழிப் பிரசையாக வேண்டுமானால் அவனுடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். என் பூட்டன், அதாவது அப்பாவின் பாட்டன், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஆகவே எல்லாம் தாத்தாவின் தலையில் வந்து நின்றது. தாத்தா எங்கே பிறந்தார்?

தாத்தா பிறந்தது சய வருடம், அதாவது 1894. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867இலேயே வந்துவிட்டாலும், பதிவு கட்டாயமானது 1897இல்தான். அக்கரையிலும் நிலைமை வேறல்ல. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899ஆம் ஆண்டினது. அவர் எந்தக் கரையில் பிறந்திருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும் என்று யாரும் நிர்ப்பந்திக்காத காலம் அது. அப்பா தேடினார், கிடைக்கவில்லை. தன் தகப்பன் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார். அது எடுபடவில்லை. கடைசியில் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ், இத்தனை வருடம் இங்கே வசித்தேன், இன்ன வருமானம் உண்டு என்று காட்டி மனுப்போட்டுப் பதிவுப் பிரசை ஆனார். பிறந்த ஊரில் இருந்துகொண்டே குடியுரிமை வாங்கியவர்.

எங்களுக்கு அதுவாவது கிடைத்தது. மலையகத்தில் லட்சக்கணக்கானவர்கள் தகப்பன், பாட்டன் பிறப்பைக் காட்ட முடியாமல் முதலில் பிரசாவுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் இழந்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தார்கள். மிச்சத்தைத் துடைத்தெடுக்க 2003ஆம் ஆண்டிலும் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆத்மாவுக்கு ஊரேது, பேரேது என்று பிரசங்கம் செய்கிறவர்களைக் கேட்கும்போது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். கையில் கடதாசி உள்ளவன் பேசுகிற வேதாந்தம் அது. கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருக்கும் எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 83 ஆடிக்கலவரத்துக்குப் பிறகு இங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் வாசலுக்குக் கிட்ட ஒரு பை உண்டு. அடையாள அட்டைப் பிரதி, பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் பொலித்தீன் உறையில் போட்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியபோது, அந்தப் பை தலையணைக்கு அடியில் போனது.

சரி, தாத்தாவுக்கு வருகிறேன். அவருடைய பிறப்புக்கு எழுத்து இல்லாமல் இல்லை. அப்பாவின் பைலுக்குள் ஒரு சாதகக் கொப்பி இருக்கிறது. கறுத்த மட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய இடம் இப்போது துரு நிறமாகிவிட்டது. சய வருடம், புரட்டாதி மாதம், அனுஷ நட்சத்திரம், உதயாதி நாழிகை 22, கர்ப்பச் செல் நீக்கி சனி மகாதிசை இருப்பு இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள். ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம் இரண்டும் கோடு பிசகாமல் போட்டிருக்கிறது. சந்திரன் எங்கே, செவ்வாய் எங்கே என்று வானத்தை அளந்து வைத்த கை, பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. பழைய குறிப்புகள் பல அப்படித்தான். ஊர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதை எதற்கு எழுதுவது என்று நினைத்திருப்பார்கள்.

தாத்தா செத்த திதியில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. மாசி மாதம், அபரபட்சத் தசமி. சைவ வீட்டில் முன்னோரை நினைப்பது அவர்கள் போன நாளை வைத்துத்தான். போனவருக்கு வந்த நாளை வைத்துக் கிரியை கிடையாது.

தேடுகிற விஷயம் வெளியே தெரிந்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள், ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு இருக்கிறது என்பார்கள். தோம்பு இருப்பது உண்மை. காணி யாருடையது, வீட்டில் யார் யார் என்று பரம்பரை பரம்பரையாக எழுதியது. 1894இல் பிறந்த பிள்ளைக்கு அது உதவாது. ஆனால் ஒன்று யோசிக்க வைக்கும். ஒல்லாந்தர் காலத்தில் திருச்சபைக்காரர் பள்ளிக்கூடத்தை வைத்து ஞானஸ்நானமும் கலியாணமும் பதிந்தார்கள். கலியாணம் செல்ல வேண்டும், சொத்து பிள்ளைக்குச் சேர வேண்டும் என்றால் அந்த ஏட்டில் பெயர் வேண்டும். பகலில் ஏட்டுக்குக் கிறிஸ்தவர், வீட்டுக்குள் சைவர் என்று வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். விரதச் சாப்பாடு முடிந்ததும் வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்த கதையை யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்வார்கள். அந்த மனிதர்களுக்கு முன்னூறு வருடத்துக்கு முந்திய அத்தாட்சி இருக்கிறது. அதில் எழுதியிருப்பது அவர்களுடைய சமயம் அல்ல.

சிவஞான சித்தியார் சுபக்கத்தில் அருணந்தி சிவாச்சாரியார் அளவையைத்தான் முதலில் வைக்கிறார். பிறர் சொல்லும் அளவைகள் எத்தனையானாலும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்பது சித்தாந்த முடிவு. உயர்தர வகுப்புக்கு இதைப் படிப்பிக்கும்போது மலையில் புகை, அடுப்பில் நெருப்பு என்று பழைய உதாரணங்களையே சொல்லிவந்தேன். இப்போதென்றால் பிறப்பைச் சொல்வேன். என் பிறப்பை நான் கண்டதில்லை. நான் இருக்கிறேன், ஆகவே எங்கோ எப்போதோ பிறந்திருக்கிறேன் என்று கருதி அறியலாம். எங்கே, எப்போது, யாருக்கு என்பது அதில் வராது. மிஞ்சுவது உரை. அம்மா சொன்னாள், மருத்துவச்சி சொன்னாள். ஆகமத்துக்குச் சொன்ன அளவையை மருத்துவச்சிக்குப் பொருத்துவது துணிச்சல்தான். ஆனாலும் ஒருவன் தன்னைப் பற்றி அறிந்த முதல் செய்தியே பிறர் வாய்ச்சொல் என்பதை எந்தச் சித்தாந்தி மறுப்பார்?

பதிவேடும் அதே உரைதான். பதிவாளர் பிரசவ அறையில் நின்று பார்த்தவரல்ல. யாரோ வந்து சொல்லத்தான் அவர் எழுதுகிறார். அதனால்தான் அறிவித்தவரின் பெயர், அவர் பிள்ளைக்கு என்ன முறை என்பதெல்லாம் ஏட்டில் சேர்கிறது. ஒரு தகப்பன் 1921இல் போய்ச் சொன்னால் அது அத்தாட்சி. அவருடைய மகன் 1949இல் சத்தியம் பண்ணிச் சொன்னால் அது வெறும் கடதாசி. இரண்டும் சொல், அவற்றில் எது செல்லும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் சொல்கிறவர்களிடம் இல்லை.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் அப்பாவுக்கு நியாயம் கிடைத்திருக்கும். பெரிய அத்தை விடவில்லை. அப்பாவின் மூத்த அக்கா அவர். அப்பா காலமாகி வெகுநாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் வந்து இருந்தபோது, முருங்கையிலை ஆய்ந்துகொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னார்: "எங்கப்பா தலைச்சன் பிள்ளை இல்லையா? ஆச்சி பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்குப் போய்ட்டுப் பிள்ளையோட திரும்பி வந்ததா சொல்லும். கப்பல்ல முழுக்க வாந்தியாம்."

தாய்வீடு என்றால் தூத்துக்குடிப் பக்கம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். கொழும்பு வாழ்க்கையும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் போய்வந்துகொண்டிருந்தது. பெண்ணுக்கு அது பிரசவத்துக்குப் போகிற பயணம். ஐம்பத்தைந்து வருடம் கழித்து அதுவே பேரனின் குடியுரிமையில் கைவைக்கும் என்று அவள் கண்டாளா?

அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அத்தை இலையை உருவிக்கொண்டே, "அவன் ஆம்பிளைப் பிள்ளை. ஆச்சிகிட்ட உக்காந்து கதை கேட்டவனா?" என்றார். ஆச்சியின் பெயரைக் கேட்டேன். அது அத்தைக்கும் தெரியவில்லை. ஒரே பாயில் படுத்தவர்கள். ஆச்சி என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை.

உரைக்குச் சித்தாந்தம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. சொல்கிறவர் விருப்பு வெறுப்பில்லாதவராக, மயக்கமில்லாதவராக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அத்தையின் சொல்தான் கனமானது. பெற்றவளிடமே கேட்டது, சொல்வதால் அத்தைக்கு ஒரு சதம் லாபமில்லை. அப்பாவுக்கோ தலைக்கு மேல் கத்தி. இதற்காக அவர் பொய்ச் சத்தியம் செய்தார் என்று சொல்ல நான் தயாரில்லை. தன் தகப்பன் கொட்டாஞ்சேனைக்காரன் என்று நம்பியே வளர்ந்திருக்கலாம். தெரிந்தே சொல்லியிருந்தாலும், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மைக்குச் சமமாக வைத்த வள்ளுவர் முன்னால் அவர் தலைகுனிய வேண்டியதில்லை என்பது என் கட்சி. தாய்வீடு போன பெண்ணின் வழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் தகப்பன் வழியை மட்டும் எண்ணிய சட்டம்தான் பதில் சொல்ல வேண்டும்.

தர்ப்பணம் தாய்வழியையும் எண்ணுகிறது. தாய், பாட்டி, பூட்டி, பிறகு தாயின் தகப்பன் வழி. பெயர் தெரியாதவர்களுக்கும் அதில் இடம் உண்டு. தகப்பன் பெயர் தெரியாதவனுக்குப் பிருதிவீஷத் என்றும், பாட்டனுக்கு அந்தரிக்ஷஸத் என்றும், பூட்டனுக்குத் திவிஷத் என்றும் சொல்லி நீர்விட வழிவைத்தார்கள். தாயில்லாத, தகப்பனில்லாத, சுற்றமில்லாத எவருக்கும் கடைசியாக ஒரு கை எள்ளும் தண்ணீரும் இறைத்துத்தான் முடிப்பது. அரசாங்கத்தின் கூட்டை விடப் பெரிய மனசு அது, சந்தேகமில்லை. ஆனால் அந்த மனசில் சாய்ந்துகொண்டு நாங்கள் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டோமோ என்றும் எனக்கு உறுத்தல் உண்டு. ஆச்சியின் பெயர் தெரியாமற் போனது சமயத்தின் தாராளத்தாலா, அல்லது பெண்ணின் பெயர் எதற்கு என்ற அலட்சியத்தாலா? ஆடி அமாவாசைக்கு முகத்துவாரத்தில் தம்பி பெயர் தெரியாமல் தடுமாற, ஐயர் "கங்கை என்று சொல்லுங்கோ, போதும்" என்றார். தம்பி சொன்னான். அவள் பெயர் கங்கையல்ல என்பது மட்டும் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

இப்போது ஸ்காபரோவில் இருக்கும் தம்பியின் மகளுக்கு வம்சாவழி மரம் ஒன்று வேண்டுமாம். கணினியில் ஒவ்வொருவருக்கும் பிறந்த திகதி, பிறந்த இடம் கேட்கிறதாம். "ரெண்டுல ஒண்ணைப் போடுங்க அக்கா, அவளைக் குழப்பாதீங்க" என்கிறான் தம்பி. நான் பதிவாளர் செய்ததையே செய்திருக்கிறேன். தாத்தாவின் பெயருக்கு நேரே இரண்டு வரி எழுதினேன். கொட்டாஞ்சேனை, அறிவித்தவர் மகன், சத்தியக் கடதாசி மூலம். தூத்துக்குடிப் பக்கம், அறிவித்தவர் மகள், தன் ஆச்சி சொல்லக் கேட்டது. ஆச்சியின் பெயருக்குரிய கூட்டில் கங்கை என்று போடவில்லை. தலைச்சன் பிள்ளைக்காகக் கப்பலேறிப் போய்வந்தவள் என்று எழுதி, அறிவித்தவர் பெயராக அத்தையின் பெயரைப் போட்டேன். கணினி அதைப் பெயராக ஏற்குமா என்று பிள்ளை இன்னும் சொல்லவில்லை.