மூத்தோர்க்கா, தக்கோர்க்கா?

ஓரிடத்தில் பல்லாண்டுகள் உழைத்த ஒருவர், தமக்கு மேலுள்ள இருக்கை காலியாகும்போது அது தமக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார். ஆனால் வெளியிலிருந்து வந்த புதியவர் ஒருவர் அந்த இருக்கையில் அமர்த்தப்படுகிறார். மூத்தவர் மனம் நோகிறார். இந்த நோவில் நியாயம் உண்டா? அன்றி, அது பதவி ஆசையும் பொறாமையும் கலந்த வெறும் மனக்குறைதானா?

கடைகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நாள்தோறும் எழும் வினா இது. இதனை நாம் இங்கு ஆகாய விமானத்தில் பணிசெய்வோரை முன்வைத்து ஆராய விழைகிறோம். அங்கே பதவி உயர்வு என்பது ஒருவருடைய சம்பளத்தையும் மதிப்பையும் மட்டும் பொறுத்ததன்று; நூற்றுக்கணக்கானோரின் உயிர்க்காப்பையும் பொறுத்தது. ஆகவே, வினாவின் இருபக்கங்களும் அங்கே தெளிவாகப் புலப்படுகின்றன.

மேற்பார்வையாளரின் பொறுப்பு

விமானப் பணியாளர் என்றதும் உணவுத் தட்டினை நீட்டும் கைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் விமானத்தில் இருப்பதன் முதற்காரணம் அதுவன்று. ஆபத்து நேர்ந்தால் பயணிகளை வெளியேற்றுவதற்காகவே அவர்கள் அங்கு இருக்கின்றனர். ஐரோப்பிய விதிகளின்படி, ஐம்பது இருக்கைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியாளர் இருத்தல் வேண்டும். பெரிய விமானம் ஒன்றைப் புதிதாக வடிவமைப்போர், அதன் வாசல்களில் பாதியை மட்டுமே பயன்படுத்தி 90 விநாடிகளுக்குள் அனைவரையும் வெளியேற்ற இயலும் என்று மெய்ப்பித்துக் காட்ட வேண்டும்.

பணியாளர் பலர் இருக்கும்போது அவர்களுக்குத் தலைவராக ஒருவர் நியமிக்கப்படுகிறார். பர்சர் என்றும், மேற்பார்வையாளர் என்றும் நிறுவனத்திற்கு நிறுவனம் அவர் பெயர் மாறும். எந்த வாசலில் எவர் நிற்பது என்று வகுப்பதும், பயணிகள் அறை புறப்பாட்டுக்கு ஆயத்தம் என்று விமானிக்கு அறிவிப்பதும், ஆபத்து வேளையில் பணியாளரை வழிநடத்துவதும் அவர் கடமை. அவர் குறைந்தது ஓராண்டு விமானப்பணி ஆற்றியிருக்க வேண்டும், தனிப்பயிற்சி பெற்றுத் தேர்வும் பெற்றிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஆகவே, அங்கே வெளியிலிருந்து எடுக்கப்படுபவர் விமானத்தையே அறியாதவர் அல்லர்; வேறொரு நிறுவனத்தில் பறந்து பழகியவரே.

அப்படியாயின் குறை எங்கே எழுகிறது?

எதிர்பார்ப்பும் ஓர் ஊதியம்

விமானப்பணியில் பணிமூப்பு என்பது சாதாரணச் சொல்லன்று. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில், எந்த வழித்தடத்தில் பறப்பது, எந்த நாளில் ஓய்வு பெறுவது என்பனவற்றையெல்லாம் பணியில் சேர்ந்த தேதியே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஒருவர் இருபது ஆண்டுகள் உழைத்தபின் வேறொரு நிறுவனத்திற்குச் சென்றால், அங்கே அவர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியவரே. ஆகையால், ஆண்டுகள் செல்லச்செல்லப் பணியாளர் தம் நிறுவனத்தோடு மேலும் மேலும் பிணைக்கப்படுகின்றனர். இரவு விழிப்பையும், பண்டிகை நாளில் வீட்டைப் பிரிந்திருப்பதையும் அவர்கள் பொறுத்துக்கொள்வது, வாங்கும் சம்பளத்துக்காக மட்டுமன்று; ஒருநாள் மேலே செல்வோம் என்ற எதிர்பார்ப்புக்காகவுமே.

இந்த எதிர்பார்ப்பினை நிறுவனம் அறியாததன்று. அதனை அறிந்தே குறைந்த ஊதியத்துக்கு மிகுந்த உழைப்பைப் பெறுகிறது. ஏணியைக் காட்டி ஒருவரை உழைக்கச் செய்துவிட்டு, அவர் ஏற வரும்போது ஏணியை எடுத்துவிடுவது எத்தகைய செயல்? வாயால் ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை என்பது உண்மையே. எனினும், நடத்தையாலும் பொய் சொல்லலாம். அவ்வாறு பெற்ற உழைப்பு, உரியவர் முழுமனத்தோடு கொடுக்காத பொருளைக் கவர்ந்ததற்கு ஒப்பாகும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் அண்மைக்கால வரலாறு இதனை எண்ணிப் பார்க்க உதவும். 2009ஆம் ஆண்டின் இறுதியில், ஹீத்ரோவிலிருந்து செல்லும் நெடுந்தொலைவு விமானங்களில் பணியாளர் எண்ணிக்கையை அந்நிறுவனம் குறைத்தது. அதனை எதிர்த்து 2010ஆம் ஆண்டில் 22 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டில், புதிதாகச் சேர்வோருக்கென்று தனிச் சம்பள விகிதத்தோடு ஒரு தனிப்பிரிவும் தொடங்கப்பட்டது. அந்தப் பிரிவில் மேற்பார்வையாளர் பதவிக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் எடுக்கப்பட்டனர். பழைய பிரிவினர் படிப்படியாக ஏறி அடைந்த பதவிகள் பழைய பிரிவோடு நின்றன. 2011ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் 2017ஆம் ஆண்டில் புதிய பிரிவினரே ஊதியக் குறைவுக்காக வேலைநிறுத்தம் செய்தனர். 2020ஆம் ஆண்டில், பெருந்தொற்றால் விமானப் போக்குவரத்து முடங்கிய வேளையில், பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டன.

நிறுவனத்தின் பக்கத்திலும் சொல்லத்தக்கது உண்டு. செலவைக் குறைக்காவிடில் நிறுவனமே நிலைக்காது. நிறுவனம் நிலைக்காவிடில் எவருக்கும் வேலை இல்லை. இதனை நாம் மறுக்கவில்லை. செலவைக் குறைக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அந்தச் சுமையை யார்மீது, எவ்வளவு முன்னறிவிப்போடு ஏற்றுகிறோம் என்பதுதான் அறம் கேட்கும் கேள்வி.

சொல்லத் தயங்கிய சொல்

இனி, இந்த வினா பயணிகளை எவ்வாறு தொடுகிறது என்று காண்போம்.

1989ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், கனடாவில் டிரைடன் என்னும் ஊரில் ஏர் ஒன்டாரியோ விமானம் ஒன்று புறப்பட்டவுடன் காட்டில் விழுந்து நொறுங்கியது. இறக்கைகளில் படிந்திருந்த பனி அகற்றப்படவில்லை. விமானத்தில் இருந்த 69 பேரில் 24 பேர் மாண்டனர். இறக்கையில் பனி இருந்ததை உள்ளிருந்த பணிப்பெண் கண்டிருந்தார். ஆயினும் விமானியிடம் சொல்லவில்லை. அத்தகைய செய்தியைத் தம்மிடமிருந்து விமானிகள் விரும்பி ஏற்க மாட்டார்கள் என்ற எண்ணமே அவரைத் தடுத்தது.

பணியாளருக்கும் விமானிக்கும் இடையே இருந்த இந்த இடைவெளி, பணியாளருக்கும் அவர்தம் மேற்பார்வையாளருக்கும் இடையே இருந்தாலும் விளைவு வேறாகாது. கீழே இருப்பவர் கண்டது மேலே செல்ல வேண்டுமானால், நடுவில் நிற்பவர்மேல் நம்பிக்கை இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் எவ்வளவு திறமை உடையவராயினும், 'நமக்கு உரியதைப் பறித்தவர்' என்று அவரைக் கருதுவோர் அவரிடம் தேவைக்கு மேல் பேச மாட்டார்கள்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற மற்றொரு விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. ஒலிபெருக்கி இயங்கவில்லை. எட்டு வாசல்களில் மூன்று மட்டுமே பயன்படுத்தத்தக்கனவாக இருந்தன. பணியாளர் தத்தம் இடத்தில் தீயின் நிலையைப் பார்த்து முடிவு செய்தனர். குரலால் பயணிகளை வழிநடத்தினர். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். நின்றிருந்த சிறு விமானத்தில் ஐவர் இறந்தனர் என்பதும் வருத்தத்தோடு நினைக்கத்தக்கது.

முன்னதில் ஒருவர் கண்டும் சொல்லவில்லை. பின்னதில் ஒவ்வொருவரும் தாமே பொறுப்பேற்றனர். பொறுப்பேற்கும் அந்த மனம் பயிற்சியால் வருவது. தம்மை மதிக்கும் இடத்தில் அது வளர்வது. உழைத்தவரை மதியாத இடத்தில் அதனை எதிர்பார்க்க இயலுமோ?

வினாவின் மறுபக்கம்

இதுவரை சொன்னதைக் கொண்டு, உள்ளிருப்போருக்கே பதவி என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. உள்ளே இருப்போரின் உரிமை என்ற பெயரால் அநீதி நிலைத்திருந்ததும் உண்டு. அதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது.

ஏர் இந்தியா நிறுவனத்தில் விமானத்தினுள் மேற்பார்வையாளர் பதவி நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. பெண்கள் அதே விமானத்தில், அதே பயணிகளுக்குப் பணிசெய்தனர். ஆயினும் அவர்கள் தனி வகுப்பினராக வைக்கப்பட்டனர். முதற்கருவுற்றால் பணியை இழக்க வேண்டும் என்ற விதிகூட அவர்களுக்கு இருந்தது. 1981ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. ஆனால் ஆணும் பெண்ணும் தனித்தனி வகுப்பினர் என்பதை அப்போது ஏற்றுக்கொண்டது. 2005ஆம் ஆண்டில்தான் மேற்பார்வையாளர் பதவி பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆண் பணியாளர் சிலர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். டெல்லி உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிலும், உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலும் பெண்களின் பக்கமே நியாயம் என்று தீர்ப்பளித்தன.

வழக்குத் தொடுத்த அந்த ஆண்களும் 'இது எங்கள் வரிசை' என்றே கருதியிருப்பர். வரிசையில் நிற்க இடமே தரப்படாதவருக்கு அந்த வரிசை நியாயமாகத் தோன்றுமா? வெளியார் என்று நாம் ஒருவரைச் சொல்லும்போது, அவரை வெளியே நிறுத்தியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

ஆண்டுகள் மட்டும் தகுதியைத் தாரா என்பதற்கு நீரஜா பனோட் என்னும் வீரமங்கை சான்று. 1985ஆம் ஆண்டில் பான் ஆம் நிறுவனம் தன் பிராங்க்பர்ட் – இந்தியா வழித்தடத்துக்கு இந்தியப் பணியாளரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் சேர்ந்தார். மயாமி நகரில் பயிற்சி பெற்றுப் பர்சராகத் திரும்பினார். 1986ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சியில் அவருடைய விமானம் கடத்தப்பட்டபோது, விமானி அறைக்கு எச்சரிக்கை தந்தார். அமெரிக்கப் பயணிகளின் பாஸ்போர்ட்டுகளை மறைத்து வைத்தார். துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது வாசலைத் திறந்து பயணிகளை வெளியேற்றி, தாம் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது 22 வயது. பணியில் சேர்ந்து இரண்டாண்டுகூட நிறையவில்லை. அசோக சக்கர விருது அவருக்கு அளிக்கப்பட்டது. பணிமூப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டிருந்தால், அவர் அந்தப் பொறுப்பில் இருந்திருப்பாரா?

நம் கருத்து

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. முதலில் ஆராய்ந்து ஒருவரை நம்புதல், பின்பு அறிந்து அவரிடம் வேலையை ஒப்படைத்தல் என்பது அந்த வரிசை. ஆராய்தலே முதன்மை. உள்ளிருந்தவரானாலும் வெளியிலிருந்து வந்தவரானாலும் அந்த ஆராய்ச்சி ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

ஆகவே, வெளியிலிருந்து மேற்பார்வையாளரை எடுப்பது தன்னளவில் அநீதியன்று என்பதே நம் துணிபு. அது மூன்று இடங்களில் அநீதியாகிறது. பணியில் சேரும்போது ஒரு நம்பிக்கையைத் தந்து, உழைப்பைப் பெற்றபின் விதியை மாற்றுவது முதலாவது. உள்ளிருப்போரைத் தேர்வுக்கே அழையாமல், அல்லது அவர்கள் ஏன் தேறவில்லை என்பதைச் சொல்லாமல், கதவை அடைப்பது இரண்டாவது. தகுதியை நாடாமல், கூலியைக் குறைக்கவும் உழைப்போரின் ஒற்றுமையைக் குலைக்கவும் மட்டுமே புதியவரைக் கொண்டுவருவது மூன்றாவது. இம்மூன்றும் இல்லாதவிடத்துப் புதியவரின் வரவு யாருக்கும் இழப்பாகாது. விதியை மாற்றியே ஆக வேண்டுமாயின், இனிச் சேர்வோருக்கு அதனை முன்கூட்டியே சொல்லி மாற்றலாம். முன்னரே சேர்ந்தோருக்கு அவர்கள் கழித்த ஆண்டுகளுக்குரிய மதிப்பினைக் கொடுத்து மாற்றலாம்.

புதிதாக வருபவருக்கும் ஒரு கடமை உண்டு. தலைமை ஏற்குமுன் சில காலமேனும் அவர் மற்றவரோடு ஒருவராகப் பணிசெய்தல் நலம். தம்மைவிட நெடுங்காலம் பறந்தவரிடம் கேட்டறிவதை இழிவென்று கருதலாகாது. மூத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. தமக்கு இழைக்கப்பட்ட குறைக்காக நிறுவனத்தோடு வழக்காடலாம். புதியவரைத் தனிமைப்படுத்தித் துன்புறுத்தலாகாது. அவரும் பிழைப்புத் தேடி வந்தவரே. வேறோர் இடத்தில் தம் ஆண்டுகளையெல்லாம் விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். ஆபத்து நேரும்போது இருவரும் ஒரே விமானத்தில்தான் இருக்கின்றனர்.

அன்பர்களே! நம்மில் பலர் விமான நிறுவனம் நடத்துவோர் அல்லர். எனினும் கடை, அலுவலகம், பள்ளி, அறநிலையம் என ஏதேனும் ஓரிடத்தில் பிறரை வேலைக்கு அமர்த்தும் பொறுப்பு நம்மில் சிலருக்கேனும் உண்டு. நம்மிடம் பத்தாண்டுகளாக உழைப்பவர் எதனை எதிர்பார்த்து உழைக்கிறார் என்று என்றேனும் கேட்டிருக்கிறோமா? அதனைத் தர இயலும் என்றால் சொல்வோம். இயலாது என்றால் அதனையும் இன்றே சொல்லிவிடுவோம். அவர் வேறு வழி தேடிக்கொள்ளும் வயது கடந்தபின் சொல்வது அறமன்று.